லீவு வாங்கித் தந்த பாங்கு முதலாளி

காலண்டரில் சிவப்பு எழுத்துத் தேதியைக் கண்டால் குமாஸ்தாவுக்கு ஒரு தெம்பு வருகிறது. இங்கிலாந்தில் பாங்கு குமாஸ்தாக்களுக்கு அந்தத் தெம்பைச் சட்டத்தின் மூலம் தேடித் தந்தவர் ஒரு பாங்கு முதலாளி என்றால் ஆச்சரியமாக இல்லையா? அவர்தான் சர் ஜான் லப்பக்.

1834 ஏப்ரல் 30-ந் தேதி லண்டனில் பிறந்தார். தந்தை, பரம்பரையாக ‘சர்’ பட்டமுள்ள குடும்பத்தவர். பாங்கு முதலாளி, கணித மேதை. லப்பக் பிறந்த அதே 1834-ல்தான் பாங்க் ஆப் இங்கிலாந்து ஒரு காரியம் செய்தது. வருஷத்தில் முப்பதுக்கு மேல் இருந்த விடுமுறைகளை நாலாகக் குறைத்துவிட்டது!

ஈட்டன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையனைத் தந்தை பாதியில் நிறுத்தி, பாங்கு வேலையில் அமர்த்தினார். கல்லூரி வாசலை அவர் மிதிக்கவில்லை. ஆனால் விஞ்ஞானி டார்வின் அடுத்த ஊர்க்காரர். அவருடைய நட்பே கல்லூரியாயிற்று. பகலில் கணக்கு, மற்ற நேரத்தில் எறும்பும் தேனீயும் என்று ஆராய்ந்தார். பழைய கற்காலம், புதிய கற்காலம் என்று நம் பிள்ளைகள் சரித்திரப் புத்தகத்தில் படிக்கிறார்களே, அந்தப் பிரிவுக்குப் பெயர் வைத்தவர் அவரே. அந்தப் புத்தகம் 1865-ல் வந்தது. கல்லூரி காணாத அவர் பின்னால் லண்டன் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தராகவும் இருந்தார்.

இரண்டு தேர்தல்களில் தோற்று, 1870-ல் மெய்ட்ஸ்டன் தொகுதியிலிருந்து லிபரல் கட்சி சார்பில் பார்லிமெண்டுக்குப் போனார். மறு வருஷமே பாங்கு விடுமுறைச் சட்டம் நிறைவேறியது.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாங்கைப் பூட்ட முடியாமல் இருந்ததற்குக் காரணம் உண்டியல்கள். தவணை நாளில் பணம் கட்டாவிட்டால் வியாபாரியின் நாணயம் போய்விடும். ஆகவே, குறிப்பிட்ட நாட்களில் தவணை விழும் உண்டியலுக்கு மறுநாள் பணம் கொடுத்தால் போதும் என்று லப்பக்கின் சட்டம் சொன்னது. பிறகு பாங்கைத் திறந்து வைக்க என்ன அவசியம்? இங்கிலாந்தில் நாலு விடுமுறைகள் இப்படிச் சேர்ந்தன. பாங்குகள் மூடவே கடைகளும் ஆலைகளும் பல மூடின.

நம் நாட்டிலும் 1881-ம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தில் இதே போன்ற ஏற்பாடு உண்டு. ஆனால் இங்கே விடுமுறை நாளில் தவணை விழுந்தால் முந்தின வேலை நாளிலேயே கட்டியாக வேண்டும்.

1871 ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை. லண்டன் ஸ்டேஷன்களில் கடற்கரை ஊர்களுக்குப் போக ஜனங்கள் முண்டியடித்தார்கள். ஆகஸ்ட் விடுமுறைக்குப் புனித லப்பக் நாள் என்றே செல்லப்பெயர் வந்தது. அன்றும் ரயில்வேக்காரர்களுக்கு டூட்டிதான் என்பதை எங்களைப் போன்றவர்கள் சொல்லாமலே அறிவோம்.

பாங்கு குமாஸ்தாவோடு லப்பக் நின்றுவிடவில்லை. கடைச் சிப்பந்திகள் இரவு வெகு நேரம் நின்றே வேலை பார்த்த காலம் அது. 1886-ல் வந்த சட்டத்தின் மூலம் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வாரம் 74 மணி நேரம் என்று வரம்பு கட்டினார். சாப்பாட்டு நேரமும் அதில் சேர்த்தி. அதுவே ஒரு வெற்றி என்றால், முன்பு நிலைமை எப்படி இருந்திருக்கும்! வயது வந்தவர்களுக்காகவும் திரும்பத் திரும்ப மசோதா கொண்டு வந்தார். 1904-ல் வந்த சட்டம் கடைக்காரர்களின் சம்மதத்தை எதிர்பார்த்தது; பலன் குறைவு. கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் அரை நாள் லீவு கட்டாயமானது 1911-ல்தான்.

ஏவ்பரி என்ற ஊரில் கற்காலக் கல்வட்டத்தின்மேல் வீடு கட்டாமல் தடுக்க, சொந்தப் பணத்தில் நிலம் வாங்கியவர் அவர். 1900-ல் பிரபு பட்டம் பெற்றபோது அந்த ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்டார். 1913 மே 28-ந் தேதி காலமானார்.

பணமும் பட்டமும் அவருக்குப் பிறப்பிலேயே வந்தவை. பிறருக்கு ஓய்வு வேண்டும் என்ற எண்ணம் அவராகத் தேடிக்கொண்டது. அடுத்த முறை சிவப்புத் தேதியைப் பார்க்கும்போது அவரையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்வோம்.