காவலரின் முதல் பாடத்தை எழுதியவர்

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தின் வாசலை ஒட்டிச் செல்வது செங்கம் சாலை. பௌர்ணமி கிரிவலத்தின்போதும் கார்த்திகை தீபத்தின்போதும் அங்கே வரிசையாகக் காவலர்கள் நிற்பதைக் காண்கிறோம். அதே சாலை சென்று சேரும் செங்கத்தில்தான், 2016 ஜூலையில், ஒரு குடும்பத்தினரைக் காவலர்கள் நடுவீதியில் தடியால் அடித்த காட்சி காணொளியாகப் பரவியது. பிடிப்பதற்குத்தான் காவலருக்கு அதிகாரம் உண்டு, தண்டிப்பதற்கு இல்லை என்பது புதிதாகப் பணியேற்கும் எவரும் கற்க வேண்டிய முதல் பாடம். அந்தப் பாடத்தை அரசமைப்புச் சட்டத்திற்குள் கொண்டுவந்தவர் அண்ணல் அம்பேத்கர். நாம் பலமுறை படித்த அவரது வாழ்வை, இம்முறை காவல்நிலையத்தின் வாசலில் நின்று படிப்போம்.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில், இராணுவத்தில் பணியாற்றிய ஒரு மகர் குடும்பத்தில் பிறந்தார். நியூயார்க்கிலும் லண்டனிலும் பயின்று, பாரிஸ்டர் பட்டத்துடன் திரும்பி, 1923இல் பம்பாயில் வழக்கறிஞர் பணியைத் தொடங்கினார். அதே ஆண்டு பம்பாய்ச் சட்டமன்றம், பொதுக் குளங்களும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை எனத் தீர்மானித்தது. மகாத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் ஒடுக்கப்பட்டோர் எவரும் அதில் இறங்க முடியவில்லை.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அக்குளத்து நீரைப் பருகினார். அடுத்து அவர்கள் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்ற வதந்தி பரப்பப்பட்டு, மாநாட்டிற்கு வந்தவர்கள் தடிகளால் தாக்கப்பட்டனர். அப்போது அம்பேத்கரைத் தேடி வந்த காவல் அதிகாரி, அவருடைய மக்களைக் கட்டுப்படுத்துமாறு கேட்டார். தம் மக்களைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும், மற்றவர்களை அதிகாரி கட்டுப்படுத்தட்டும் என்றும் அவர் விடையளித்தார். அவ்வாறே கொதித்தெழுந்த தம்மவரைத் திருப்பித் தாக்கவிடாமல் தடுத்தார். அடிபட்டவரிடமே அமைதியைக் கோரும் வழக்கம் இன்றும் நம் சேரிகளுக்குப் புதிதன்று.

தீர்மானம் மட்டும் காக்காது என்பதை மகாத் உணர்த்தியது. 1928இல் சைமன் குழுவிடம், ஒடுக்கப்பட்டோருக்குக் காவல்துறையில் இடம் வேண்டுமெனக் கோரினார். 1930இல் வட்டமேசை மாநாட்டில், சமூகப் புறக்கணிப்பைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வலியுறுத்தினார்.

வரைவுக் குழுவின் தலைவரான பின், தனிமனித விடுதலையைக் காக்கும் பிரிவு வலுவற்றிருப்பதாக அரசமைப்பு அவையில் கடும் விமர்சனம் எழுந்தது. அதற்கு விடையாக 1949 செப்டம்பரில் அவர் ஒரு புதிய பிரிவை முன்மொழிந்தார். இன்று நாம் அறியும் 22ஆவது பிரிவு அதுவே. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரை நாட இடமளிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். இவற்றின் சாரம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முன்பே இருந்தது. சாதாரணச் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்திவிட முடியும் என்பதால், அவற்றை அடிப்படை உரிமையாக உயர்த்தினார். அதே பிரிவு தடுப்புக்காவலுக்கும் இடமளித்தது. அந்தக் குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். 17ஆவது பிரிவு ஒழித்த தீண்டாமைக்கு எதிரான போராட்டத்தின் தொடர்ச்சியாக, 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 4ஆவது பிரிவின்படி, பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால், ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை. புகாரைப் பதிவு செய்ய மறுக்கும் காவலருக்கும் இது பொருந்தும். 2018இன் திருத்தப்படி, வழக்குப் பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணையும் தேவையில்லை.

2023 ஜனவரி 30 அன்று, இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், காவல்துறையின் பாதுகாப்போடு தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்றனர். மகாத்தில் அம்பேத்கர் அதிகாரியிடம் கேட்டதும் இதைத்தான்: உரிமையைப் பயன்படுத்துவோரைத் தடுக்காமல், அவர்களைத் தடுப்போரைத் தடுப்பது. செங்கத்தின் தடியும் தென்முடியனூரின் பாதுகாப்பும் ஒரே சீருடையிலிருந்துதான் வந்தன. எதைத் தேர்வது என்பதைக் காவலரின் மனநிலைக்கு விட்டுவிடாமல் இருக்கவே அண்ணல் அதைச் சட்டமாக எழுதினார். காவல்நிலையப் படியேறும் நாமும் அச்சட்டத்தை அறிந்து ஏறுவோம்.