ஓடாத மெஷினுக்கு ஒரு புரோகிராம்: அடா லவ்லேஸ் விமர்சனங்களை எப்படி எதிர்கொண்டார்?

1843-ல் லண்டனில் அச்சான ஒரு அட்டவணையில் ஒரு ‘பக்’ இருக்கிறது. மொத்தம் 25 படிகள். நான்காவது படியில் எதை எதால் வகுக்கணும் என்பது தலைகீழாகிவிட்டது. அப்படியே கம்ப்யூட்டரில் போட்டால் தப்பான விடைதான் வரும்.

ஆனால் இந்த அட்டவணையைத்தான் உலகின் முதல் கம்ப்யூட்டர் புரோகிராம் என்று பலரும் சொல்கிறார்கள். எழுதியவர் அடா லவ்லேஸ். அப்போது அவருக்கு வயது 27, மூன்று குழந்தைகளின் அம்மா. இதை எழுதச் சொல்லி யாரும் அவரைச் சம்பளத்துக்கு வைக்கவில்லை. ஆர்வம், அவ்ளோதான்.

யார் இந்த அடா?

1815 டிசம்பர் 10-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா, புகழ்பெற்ற கவிஞர் பைரன். அடா கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 1816-ல் இங்கிலாந்தை விட்டுப் போன பைரன் மகளை மறுபடி பார்க்கவே இல்லை. அவர் இறந்தபோது அடாவுக்கு 8 வயது.

அப்பாவின் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்த அம்மா, வீட்டுக்கே ஆசிரியர்களை வரவழைத்துக் கணக்கு சொல்லிக்கொடுக்க வைத்தார். 12 வயதில் அடாவுக்குப் பறக்கும் ஆசை வந்தது. பறவைகளின் உடலமைப்பைப் பார்த்து இறக்கை செய்யத் திட்டம் போட்டார். 1829-ல் அம்மை தாக்கி, நடமாட முடியாமல் நீண்ட நாள் படுக்கையில் கிடந்தார். அப்போதும் படிப்பை விடவில்லை.

1833-ல், 17 வயதில் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் வடிவமைத்த கணக்கு போடும் இயந்திரத்தின் ஒரு சிறு பகுதி அவர் வீட்டில் இருந்தது. அதைப் பார்த்தவர்களில் பலருக்கு அது ஒரு வேடிக்கைப் பொருள். அடா அது எப்படி இயங்குகிறது என்று கேட்டார்.

படிப்பு சுலபமாக வந்ததா?

இல்லை. கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகு, 1840-ல் கணித அறிஞர் அகஸ்டஸ் டி மார்கனிடம் கடிதம் வழியாக உயர்கணிதம் படிக்கத் தொடங்கினார். அல்ஜீப்ராவில் தடுமாறினார். புரியாததைப் புரியவில்லை என்றே எழுதினார். ஆசிரியர் திருத்தி அனுப்புவார். அடா மறுபடி போட்டுப் பார்ப்பார், மறுபடி சந்தேகம் கேட்பார்.

1844-ல் டி மார்கன் அடாவின் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார. அடாவின் திறமை அசாதாரணமானது என்று ஒத்துக்கொண்ட அவர், இவ்வளவு கடினமான கணக்கு ஒரு பெண்ணின் உடம்புக்குத் தாங்குமா என்றும் கவலைப்பட்டார். அந்தப் பாராட்டை அவர் அடாவிடம் நேரடியாகச் சொன்னதே இல்லை.

1843-ல் என்ன நடந்தது?

பாபேஜின் அடுத்த கனவு ‘அனலிட்டிக்கல் இன்ஜின்’. துளையிட்ட அட்டைகளில் கட்டளை கொடுத்தால் எந்தக் கணக்கையும் போடும் மெஷின். அதைப் பற்றி இத்தாலியின் லூய்ஜி மெனாப்ரியா பிரெஞ்சில் எழுதிய கட்டுரையை அடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நீங்களே சொந்தமாக எழுதலாமே என்று பாபேஜ் தூண்ட, குறிப்புகள் சேர்க்க ஆரம்பித்தார். அவை மூலக் கட்டுரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீண்டன.

கடைசிக் குறிப்பில்தான் பெர்னூலி எண்களைக் கணக்கிடும் அந்த அட்டவணை. அடா பென்சிலால் எழுதியதன் மேல் கணவரே உட்கார்ந்து மை போட்டுக் கொடுத்தார். இந்தக் கணக்கில் பாபேஜ் செய்த ஒரு பெரிய தவறை அடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதைப் பாபேஜே பின்னாளில் தன் சுயசரிதையில் பதிவு செய்தார்.

பாபேஜுடன் மோதல் ஏன்?

அரசு தனக்கு நிதியை நிறுத்திய கோபத்தில் இருந்தார் பாபேஜ். அரசைத் தாக்கும் ஒரு முன்னுரையைத் தன் பெயர் போடாமல் கட்டுரையுடன் சேர்க்கப் பார்த்தார். இதழ் தரப்பு ஏற்கவில்லை. உடனே கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார். அடா மறுத்துவிட்டார். கட்டுரை வெளியானது, கையெழுத்தாக ஏ.ஏ.எல். என்ற மூன்று எழுத்துகள் மட்டும்.

அதோடு அடா சண்டையை வளர்க்கவில்லை. மெஷினைக் கட்டி முடிக்க உதவுகிறேன் என்று சில நிபந்தனைகளோடு நீண்ட கடிதம் எழுதினார். பாபேஜ் நிபந்தனைகளை ஏற்கவில்லை. ஆனாலும் நட்பு கடைசிவரை தொடர்ந்தது. மெஷின் கட்டப்படவே இல்லை. தன் புரோகிராம் ஓடுவதை அடா பார்க்கவும் இல்லை.

கடைசி வருடங்கள் சுலபமாக இல்லை. குதிரைப் பந்தயத்தில் கடன் ஏறியது, புற்றுநோயும் வந்தது. 1852 நவம்பர் 27-ல், 36 வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி, நினைவு தெரிந்து பார்த்தே இராத அப்பாவின் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்.

விமர்சகர்கள் சொல்வது என்ன?

பாபேஜ் அதற்கு முன்பே தன் நோட்டுகளில் இதுபோன்ற படிகளை எழுதியிருக்கிறார், அதனால் ‘முதல்’ பட்டம் அடாவுக்குப் பொருந்தாது என்கிறார்கள் சிலர். இது உண்மையான வாதம். 1985-ல் டோரதி ஸ்டைன் எழுதிய வாழ்க்கை வரலாறு இன்னொன்றைக் காட்டியது. பிரெஞ்சு மூலத்தில் ‘நிலை’ என்ற பொருள் தரும் சொல் அச்சுப்பிழையால் ‘காஸ்’ என்ற முக்கோணவியல் குறியாக மாறியிருந்தது. கணக்கில் அர்த்தமே இல்லாத அதை அடா அப்படியே மொழிபெயர்த்துவிட்டார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2017-ல் ஹாலிங்ஸ், மார்ட்டின், ரைஸ் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் டி மார்கன் கடிதங்களை முழுசாகப் படித்து, அடாவின் கணிதத்தைக் குறைத்து மதிப்பிட்டது தவறு என்று வாதிட்டார்கள். எண்களை மட்டுமல்ல, விதிகளுக்கு உட்பட்டால் இசையைக்கூட அந்த மெஷின் கையாளலாம் என்று அடா 1843-லேயே எழுதியிருந்தார். மெஷின் தானாக எதையும் புதிதாக உருவாக்காது என்ற அவரது கருத்துக்கு ஆலன் டூரிங் 1950-ல் தனியாகப் பதில் எழுத வேண்டியிருந்தது.

அமெரிக்க ராணுவத்துக்காக உருவான ‘அடா’ புரோகிராமிங் மொழிக்கான தர எண் 1815. அவர் பிறந்த வருடம். அந்தப் பழைய அட்டவணையை இன்றைய மொழிகளில் எழுதிப் பலர் ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். நான்காவது படியைத் திருப்பிப் போட்டால், விடை சரியாக வருகிறது.