சதுரங்க வீரர் மர்ஹூம் மீர் சுல்தான் கான்

சதுரங்கம் கீழ்நாட்டில் பிறந்த ஆட்டம். இந்தியாவில் தோன்றிப் பாரசீகம் சென்று, அரபு மக்களிடையே ஷத்ரஞ்ச் என்னும் பெயரில் வளர்ந்து, பின்னரே ஐரோப்பாவை அடைந்தது. 10-ம் நூற்றாண்டில் பக்தாத் கலீபாவின் அவையில் அஸ்ஸூலி என்னும் பேரறிஞர் இவ்வாட்டத்தில் இணையற்று விளங்கினார். நம் மலாய்ச் சகோதரர்கள் இதைச் சத்தூர் என்கின்றனர். அவர்கள் வாயில் வழங்கும் மெந்திரி, காஜா என்னும் காய்ப் பெயர்கள் எங்கிருந்து வந்தவை என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நம்மிடமிருந்து போன ஆட்டத்தில், நம்மையே தோற்கடிக்கும் வல்லமை மேல்நாட்டாருக்கு வந்துவிட்டது என்று கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அக்காலத்தில் பஞ்சாபின் சிற்றூர் ஒன்றிலிருந்து புறப்பட்டுச் சென்று, லண்டன் மாநகரையே வியப்பில் ஆழ்த்திய ஒரு முஸ்லிம் வாலிபரின் வரலாற்றை இங்கு நினைவுகூர்கிறோம்.

மீர் சுல்தான் கான், இன்று பாகிஸ்தானில் உள்ள சர்கோதா வட்டாரத்தின் மிட்டா திவானா என்னும் ஊரில், 20-ம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பிறந்தார். ஒன்பது வயதளவில் தந்தையே மகனுக்குச் சதுரங்கம் கற்பித்தார். அது இந்திய முறைச் சதுரங்கம். ஐரோப்பிய முறையில் சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் பாயலாம். இந்திய முறையில் ஒரு கட்டமே நகரும். அரசன் கோட்டைக்குள் புகும் விதமும் வேறு. அதனால் இந்திய முறையில் ஆட்டம் மெதுவாகத் தொடங்கும். பொறுமையுள்ளவனே அதில் வெல்வான். வாலிபப் பருவம் எய்தியபோது, பஞ்சாபில் அன்னாருக்கு நிகராக ஆடுவோர் இல்லை என்னும் பெயர் பரவிவிட்டது.

அந்தப் பெயர் அவ்வட்டாரத்துப் பெரு நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் திவானாவின் செவிக்கு எட்டியது. அவர் சுல்தான் கானை ஆதரித்து, ஐரோப்பிய முறையைப் பயில ஏற்பாடு செய்தார். 1928-ல் நடந்த அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பெற்றார். மறு ஆண்டு சர் உமர் லண்டனுக்குச் சென்றபோது அன்னாரையும் உடன் அழைத்துச் சென்றார்.

சீமையில் தொடக்கம் இன்பமாக இல்லை. பயிற்சிக்காக நடந்த சிறு போட்டியொன்றில் சுல்தான் கான் கடைசி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டார். குளிர் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாவும் சளியும் மாறி மாறி வாட்டின. ஆங்கிலத்தில் அச்சான ஆட்டத் தொடக்க நூல்களை மற்ற வீரர்கள் சிறு வயது முதலே பயின்றிருந்தனர். இவருக்கோ அந்த வாய்ப்பு இல்லை. வின்டர், யேட்ஸ் என்னும் இரு ஆங்கில வீரர்கள் மனமுவந்து அவருக்குப் பயிற்சி அளித்தனர். சில மாதங்களே சென்றன. 1929 கோடையில் ராம்ஸ்கேட் நகரில் நடந்த பிரிட்டிஷ் சாம்பியன் போட்டியில் சுல்தான் கான் முதலிடம் பெற்றார். ஆண்டவர் நாட்டின் பட்டத்தை ஆளப்பட்ட நாட்டின் பிள்ளை கொண்டுவந்தார்!

அதன்பின் நடந்தவை சதுரங்க வரலாற்றில் அழியாதவை. 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாயிருந்த கியூபா வீரர் கபபிளாங்காவை 65 நகர்வுகளில் வென்றார். 1931-ல் டார்டகோவர் என்னும் பெரு வீரரோடு 12 ஆட்டங்கள் ஆடி, ஆறரைக்கு ஐந்தரை என்று வெற்றி கண்டார். அதே ஆண்டு பிராக் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதற்பலகையில் அமர்ந்து, ரூபின்ஸ்டைனையும் ஃபுளோரையும் தோற்கடித்தார். அப்போதைய உலக சாம்பியன் அலெகைனோடு சமன் செய்தார். 1932-லும் 1933-லும் பிரிட்டிஷ் பட்டத்தை மீண்டும் வென்றார். அதே 1933-ல் சர் உமரின் இல்லத்தைச் சேர்ந்த பாத்திமா என்னும் பெண்மணி பெண்களுக்கான பிரிட்டிஷ் பட்டத்தைப் பெற்றார் என்பதும் நாம் மறக்கலாகாத செய்தி.

1933-ன் இறுதியில் சர் உமர் தாயகம் திரும்பினார். சுல்தான் கானும் திரும்பினார். ஐரோப்பாவில் அவர் ஆடிய காலம் ஐந்து ஆண்டுகள்கூட இல்லை. 1935-ல் காடில்கர் என்னும் இந்திய வீரரோடு 10 ஆட்டங்கள் ஆடி, ஒன்றைச் சமன் செய்து மற்ற ஒன்பதையும் வென்றார். அதன்பின் பெரிய போட்டிகளில் அவரைக் காண முடியவில்லை. சர்கோதாப் பக்கத்தில் தம் நிலத்தில் விவசாயம் செய்து, பிள்ளைகளை வளர்த்து, அமைதியாக வாழ்ந்தார். 1966 ஏப்ரல் 25-ல் காசநோயால் காலமானார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

இவ்வரலாற்றில் நம்மை உறுத்துவது ஒன்றுண்டு. 1950-ல் உலகச் சதுரங்கச் சம்மேளனம் முதன்முறையாகக் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை 27 பேருக்கு வழங்கியது. முன்னாளில் புகழோடு ஆடி ஓய்ந்த முதியவர்களும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றனர். சுல்தான் கானிடம் தோற்ற ரூபின்ஸ்டைன், டார்டகோவர், ஃபுளோர் மூவரும் அதில் உண்டு. வென்ற சுல்தான் கான் இல்லை! அன்று அவர் சர்கோதாவில் உயிரோடுதான் இருந்தார். அவருக்காகப் பேசச் சங்கமில்லை, எழுதப் பத்திரிகையில்லை. 2024 பிப்ரவரியில்தான் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் அளித்தது. அவர் மறைந்து அப்போது 57 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

மற்றொன்று, அவரைப் பற்றி மேல்நாட்டார் எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரன் என்றே நூல்கள் திரும்பத் திரும்பக் கூறிவந்தன. அண்மையில் அவர் குடும்பத்தார், பேத்தி உட்பட, இதை மறுத்து எழுதியுள்ளனர். அவர் நிலமும் மார்க்க மரபும் உடைய குடும்பத்தில் வந்தவர், எழுத்தறிவுடையவர், எவருக்கும் ஏவலாள் அல்லர் என்பது அவர்கள் வாதம். ஆங்கிலம் சரளமாகப் பேசாதவனைக் கல்லாதவன் என்று கணக்கெழுதிவிடுவது உலக வழக்கம். கடல் கடந்து வந்து, தமிழிலும் அரபுத் தமிழிலும் கணக்கெழுதிக் கடை நடத்திய நம் முன்னோர்க்கும் இந்த அனுபவம் புதிதன்று. நம் பேரேட்டை நாம் எழுதாவிட்டால், பிறர் எழுதும் பற்றுவரவே நிலைத்துவிடும்.

சுல்தான் கான் தம் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் கற்பிக்க விரும்பவில்லை என்றும், வாழ்வில் அதைவிடப் பயனுள்ளதைச் செய்யுமாறு அவர்களிடம் கூறினார் என்றும் சொல்லப்படுகிறது. முன்னாள் உலக சாம்பியனை வென்ற கை, சொந்தப் பிள்ளைக்குக் காய் நகர்த்தச் சொல்லித்தரவில்லை. இது ஏன்? அந்த ஆட்டம் அவருக்குப் புகழ் தந்தது, ஆனால் நிலையான இடம் எதையும் தரவில்லை என்பதே நமக்குத் தோன்றும் காரணம். ஒரு புரவலரின் தயவில் திறந்த கதவு, அவர் ஊர் திரும்பியதும் மூடிக்கொண்டது.

கதவு மூடாமலிருக்க வழி யாது? சென்னையைப் பாருங்கள். 1972-ல் அங்கே சோவியத் கலாசார மையத்தில் தால் சதுரங்கக் கழகம் தொடங்கியது. இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரன் அதன் பின் நின்றார். தாயிடம் ஆட்டம் கற்ற விஸ்வநாதன் ஆனந்த் என்னும் சிறுவன் அக்கழகத்தில் ஆடிப் பழகி, 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டராகி, பின்னர் உலக சாம்பியனும் ஆனார். தனி ஒருவரின் தயவால் நடந்ததன்று இது. பிள்ளைகளுக்காக நேரம் ஒதுக்கும் பெரியவர்கள், தினமும் திறந்திருக்கும் ஓர் அறை, சில பலகைகள், இவ்வளவே மூலதனம்.

செமோரிலும் ஈப்போவிலும் நம் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தபின் எங்கே பொழுது போக்குகின்றனர் என்பதை நாம் அறிவோம். ரப்பர்த் தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன, திடல்கள் கடைவீடுகளாகிவிட்டன, கைத்தொலைபேசி எல்லார் கையிலும் இருக்கிறது. இவ்வாட்டத்தைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் பந்தயம் கூடாது, தொழுகை தவறலாகாது என்பதில் வேற்றுமையே இல்லை. அந்த வரம்புக்குள் நின்று, கடையடைத்தபின் வாரத்தில் ஒரு மாலை நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நம்மில் இருவர் மூவர் முன்வந்தால், ஆட்டத்தோடு பொறுமையும் கணக்கும் எதிராளியை மதிக்கும் பண்பும் அவர்களுக்கு வந்து சேரும். தோல்வியைத் தாங்கிக் கைகொடுத்து எழுவதும் வாணிபத்திற்கு வேண்டிய பாடமல்லவா?

சுல்தான் கானைப் போன்ற அறிவு எந்தச் சிற்றூரிலும் பிறக்கலாம். அதைக் கண்டெடுப்பதும், கண்டெடுத்தபின் கைவிடாதிருப்பதும் ஊராரின் கடமை. வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, மண்ணறையை ஒளிமயமாக்குவானாக! ஆமீன்.