பழுது பார்த்தவர்: லியோ ஃபெண்டரின் வாழ்க்கை

பொங்கல் விழாவுக்குச் சில நாள்களே இருந்தன. விடுதியின் பொது அறையில் பாட்டு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. என் கை கித்தார்க் கம்பிகளின்மேல் இருந்தது. பாடுவதற்காக ஒலிவாங்கியை நெருங்கினேன். உதடு பட்டதோ இல்லையோ, பளீரென்று மின்சாரம் தாக்கியது. கித்தார் கீழே விழுந்தது. நான் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். உயிருக்கு ஊறு நேரவில்லை. அன்று என் கை ஈரமாக இருந்திருந்தால், இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ!

பிழை கித்தாரில் இல்லை. உதவித்தொகையில் மிச்சம் பிடித்துப் பழைய பொருளாக நான் வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயரில் இருந்தது. மறுநாள் அதைச் சுமந்துகொண்டு செங்கோட்டைக்கு எதிரே உள்ள லஜ்பத் ராய் சந்தைக்குப் போனேன். பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் முதலில் பிளக்கைத்தான் பார்த்தார். எர்த் முனை உடைந்திருந்தது. உள்ளே கசிந்த மின்சாரம் நிலத்துக்குச் செல்ல வழியின்றி, கித்தார்க் கம்பியில் ஏறி நின்றது. ஒலிவாங்கியோ வேறு கருவி வழியாக நிலத்தோடு இணைந்திருந்தது. இரண்டுக்கும் நடுவே பாலமாக நின்றவன் நான்.

பிறகு அவர் பெட்டியைத் திறந்தார். ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றையும் தனியே கழற்ற முடிந்தது. சிறிது நேரத்தில் வேலை முடிந்தது. இவ்வளவு எளிதாகத் திருத்தும்படி ஒரு பொருளை அமைக்க யாருக்குத் தோன்றியிருக்கும் என்று வியந்தேன். அந்த வியப்பே என்னை லியோ ஃபெண்டரின் வரலாற்றுக்கு அழைத்துச் சென்றது. என் பெட்டி அவர் நிறுவனம் செய்ததன்று. ஆயினும் உலகில் உள்ள கித்தார் ஆம்ப்ளிஃபயர்களுள் மிகப் பல அவர் வகுத்த வழியில் வந்தவையே.

கிளாரன்ஸ் லியோனிடஸ் ஃபெண்டர் 1909ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த உழவர்கள். எட்டாம் வயதில் இடக் கண்ணில் கட்டி வந்தது. அந்தக் கண்ணை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். எஞ்சிய ஒரு கண்ணைக்கொண்டே வாழ்நாள் முழுதும் நுண்ணிய வேலைகளைச் செய்தார். மோட்டார் வண்டிகளின் மின்சார வேலை செய்து வந்த மாமா ஒருவர் உதிரிப் பொருள்களைக்கொண்டு வானொலி ஒன்றைக் கட்டியிருந்தார். அதன் ஒலி சிறுவன் லியோவின் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்று பற்றிய ஆர்வம் கடைசிவரை தணியவில்லை.

ஆயினும் கல்லூரியில் அவர் படித்தது மின்னணுவியல் அன்று, கணக்கியல். வணிகவியல் மாணவனாகிய எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தந்தது. மின்சாரத்தைப் பற்றி அவர் அறிந்தவை எல்லாம் தாமே படித்தும் செய்து பார்த்தும் அறிந்தவை. பின்னர்க் கணக்கர் வேலைக்குப் போனார். பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை வாட்டிய காலம் அது. அரசின் நெடுஞ்சாலைத் துறையில் பார்த்த வேலை போயிற்று. டயர் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தார், அதுவும் போயிற்று. அப்போது அவருக்கு மணமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. 1938இல் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலி பழுது பார்க்கும் கடை திறந்தார்.

அந்தக் கடையே அவருக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வானொலிப் பெட்டிகளோடு இசைக்கலைஞர்களின் ஆம்ப்ளிஃபயர்களும் பழுதாகி வந்தன. எந்த இணைப்பு விடுகிறது, எந்த உறுப்பு சூட்டில் கெடுகிறது, ஊர் ஊராகத் தூக்கிச் செல்லும்போது எந்த மூலை உடைகிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆயின. பொருளைச் செய்பவன் அது புதிதாய் இருக்கும்போது பார்க்கிறான். பழுது பார்ப்பவனோ அது தோற்ற இடத்தைப் பார்க்கிறான். ஃபெண்டர் தோல்விகளைப் படித்த பிறகே செய்யத் தொடங்கினார்.

டாக் காஃப்மன் என்னும் கலைஞரோடு சேர்ந்து 1945இல் மடியில் வைத்து வாசிக்கும் மின் கித்தார்களையும் ஆம்ப்ளிஃபயர்களையும் செய்தார். அடுத்த ஆண்டு காஃப்மன் விலகினார். ஃபெண்டர் தனியே நிறுவனத்தை நடத்தினார். அவருடைய பெட்டிகளில் உறுப்புகள் ஒரு பலகையின்மேல் வரிசையாக, கை நுழைய இடம் விட்டு அமைந்தன. எந்த வால்வு எந்த இடத்தில் என்று காட்டும் தாள் பெட்டிக்குள் ஒட்டப்பட்டது. அந்தத் தாள் வாங்குபவனுக்காக மட்டும் அன்று. பின்னாளில் எங்கோ அதைத் திறக்கப்போகும் முகமறியாப் பழுதுக்காரனுக்காகவும் அன்றோ!

கித்தாரிலும் அவர் இந்நெறியையே கொண்டார். 1950இல் வந்து, 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கித்தாரின் கழுத்தைப் பசையிட்டு ஒட்டாமல் திருகாணியால் பொருத்தினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். 1951இல் பிரிசிஷன் பேஸ், 1954இல் ஸ்ட்ராட்டகாஸ்டர் ஆகியவை பிறந்தன. பேஸ் கித்தாருக்கென அவர் செய்த பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரை முன்மாதிரியாகக் கொண்டே, லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962இல் முதல் மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் உருவாயிற்று. இத்தனையும் செய்தவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! அதனால்தான் வாசிப்பவர்களின் குறைகளைப் பொறுமையாகக் கேட்டார். அவர்கள் சொன்னபடி மாற்றி மாற்றி அமைத்தார்.

1960களில் தீராத தொற்றுநோய் அவரை வருத்தியது. இனி நெடுநாள் வாழ்வதற்கில்லை என்று எண்ணி, 1965இல் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். பின்பு வேறொரு மருத்துவர் அந்நோயைத் தீர்த்துவைத்தார்! பணம் இருந்தது, புகழ் இருந்தது. ஆயினும் அவர் சும்மா இருக்கவில்லை. முதலில் மியூசிக் மேன் நிறுவனத்தில் பணியாற்றினார். பிறகு பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு ஜி அண்டு எல் நிறுவனத்தைத் தொடங்கினார். நடுக்குவாத நோய் கைகளைத் தளர்த்தியபோதும் பட்டறைக்குப் போவதை நிறுத்தவில்லை. 1991 மார்ச் 21ஆம் நாள் மறைந்தார்.

இவ்வரலாற்றைப் படித்த பிறகு, பழைய ஆம்ப்ளிஃபயர் வாங்கும் நண்பர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். விலையைக் கேட்குமுன் பிளக்கைப் பாருங்கள்; எர்த் முனை இல்லையேல், அதைச் சரிசெய்யும்வரை தொடாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியானால் 120 வோல்ட்டுக்கு அமைந்ததா என்று பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேரே மாட்டினால் அது கருகிப்போகும். உங்கள் கித்தாரையும் கம்பியையுமே கொண்டுபோய்ச் சோதியுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பெரும்பாலும் அழுக்குதான். அதற்கு அஞ்ச வேண்டா. கித்தாரை மாட்டாதபோதும் ஓயாத உறுமல் கேட்டால், மின்தேக்கிகள் முதுமை அடைந்திருக்கலாம். அச்செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். வால்வின் உள்தகடு செந்தணலாய்ச் சிவந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வுப் பெட்டியை ஒருபோதும் இயக்காதீர்கள். ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸே போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உயிர்போக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். ஆதலால் பெட்டியைத் திறக்கும் வேலையைக் கற்றவரிடம் விடுங்கள்.

அந்தப் பெரியவரிடம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். தந்தையின் வானொலிக் கடையில் என்றார். பட்டம் பெறாத அவருடைய கைதான் என் உயிருக்குக் காவலாயிற்று. பட்டம் பெற்றதும் வேலை கிடைக்குமா என்ற கவலை நம் எல்லோருக்கும் உண்டு. இரு முறை வேலை இழந்த கணக்கர் ஒருவர், பழுது பார்ப்பதை இழிவாக எண்ணியிருந்தால் உலகம் எவ்வளவு இசையை இழந்திருக்கும்!

பொங்கலன்று பெட்டி உறுமாமல் பாடியது. நானும் அச்சமின்றிப் பாடினேன்.