கசப்பு விற்றுப் பேர் வாங்கியவர்

இனிப்பு விற்றால் கூட்டம் வரும். கசப்பு விற்றால் வருமா? வந்தது! இத்தாலி நாட்டில் மிலான் நகரில் இதைச் சாதித்துக் காட்டியவர் காஸ்பாரே காம்பாரி.

வட இத்தாலியில் கசோல்நோவோ என்ற ஊரில், 1828-ம் ஆண்டு அவர் பிறந்தார். விவசாயக் குடும்பம். வீட்டில் அவர் பத்தாவது பிள்ளை! இருக்கிற நிலத்தை எத்தனை பேருக்குப் பங்கு போடுவது? 14 வயதில் துரின் நகருக்குப் போய் ஒரு மதுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பானம் கலக்கும் தொழிலை அங்கே கற்றுக்கொண்டார்.

பிறகு நோவாரா என்ற ஊரில் சொந்தமாகக் கடை வைத்தார். 1860-ம் ஆண்டு சிவப்பு நிறத்தில் புதிய பானம் ஒன்றைத் தயாரித்தார். இனிப்பும் கசப்பும் கலந்த ருசி. "ஒல்லாந்து முறைக் கசப்பு" என்று அதற்குப் பெயர் சூட்டினார். செய்தது இத்தாலியில், பெயர் மட்டும் ஒல்லாந்து! அந்நாளில் ஒல்லாந்து பானங்களுக்கு இருந்த மவுசு அப்படி. வியாபாரம் தெரிந்தவர்தான்.

எப்படிச் செய்கிறார்கள்?

இந்தவகைப் பானங்களுக்குக் கசப்பு வேர்கள், மரப்பட்டைகள், வாசனை இலைகள், ஆரஞ்சுத் தோல் முதலியவை வேண்டும். அவற்றைச் சாராயமும் தண்ணீரும் கலந்து ஊறப்போடுகிறார்கள். வெறும் தண்ணீர் போதாதா? போதாது. வாசனை எண்ணெய்கள் தண்ணீரில் எளிதில் கரைவதில்லை, சாராயத்தில் கரையும். சாறு இறங்கியதும் வடிகட்டிச் சர்க்கரையும் சாயமும் சேர்க்கிறார்கள். கசாயம் போலத் தோன்றினாலும் இது மதுதான். குடித்தால் போதை ஏறும்.

காம்பாரி பானத்தின் சிவப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பூச்சியிலிருந்து! சப்பாத்திக் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்ற சின்னஞ்சிறு பூச்சியைக் காயவைத்து, பொடித்து எடுத்த சாயம் அது. 2006-ம் ஆண்டில்தான் கம்பெனி பல நாடுகளில் வேறு சாயத்துக்கு மாறியது. என்னென்ன மூலிகைகள் என்பது மட்டும் இன்றுவரை ரகசியம்.

கடை போயிற்று

1862-ம் ஆண்டு காம்பாரி மிலானுக்குக் குடிபெயர்ந்தார். பெரிய மாதா கோயிலுக்கு எதிரே, பழைய கட்டடம் ஒன்றில் கடை திறந்தார். வியாபாரம் சூடு பிடிக்கும் நேரத்தில் இடி விழுந்தது. கோயில் முன்னால் உள்ள இடத்தை அழகுபடுத்தப் போவதாக நகரசபை முடிவு செய்தது. பழைய கட்டடங்கள் தரைமட்டமாயின. காம்பாரியின் கடையும் போயிற்று.

அவர் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. கண்ணாடிக் கூரை போட்ட பிரமாண்டமான கடைவீதி ஒன்று அங்கே எழும்பியது. இரண்டாம் விக்டர் இம்மானுவேல் மன்னரின் பெயர் தாங்கிய அந்தக் கடைவீதி 1867-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அதிலேயே காம்பாரி இடம் பிடித்தார். கீழே கடை, மேலே வீடு. அதே ஆண்டு அந்த வீட்டில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் தாவிதே. அந்தக் கடைவீதியில் பிறந்த முதல் குழந்தை அதுதான் என்பார்கள்.

1882-ம் ஆண்டு காம்பாரி காலமானார். அவருக்கு வயது 54. தாவிதே அப்போது சிறுவன். கணவர் போனதும் கடையை மூடிவிடவில்லை, மனைவி லெத்தீசியா. பிள்ளைகள் தலையெடுக்கும் வரை வியாபாரத்தை அவரே தாங்கினார். இந்த அம்மாளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் காம்பாரி என்ற பெயரை இன்று யார் அறிவார்?

பையன் வளர்ந்தான். மிலானை அடுத்த செஸ்தோ சான் ஜியோவன்னியில் 1904-ம் ஆண்டு தொழிற்சாலை ஏற்பட்டது. 1915-ம் ஆண்டு, தான் பிறந்த கடைவீதியிலேயே தாவிதே இன்னொரு கடையைத் திறந்தார். காம்பாரினோ என்ற அந்தக் கடை, மாதா கோயிலைப் பார்த்தபடி இன்றும் அங்கே இருக்கிறது.