ஓவியர் மாலி: ஒரு கட்டத்துக்குள் ஒரு குடும்பம்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டபோது, நான் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். என் மனத்தில் வந்து நின்றவர் ஒரு படக்காரர்.

டி.ஆர்.மகாலிங்கம் என்ற பெயரில் புகழ்பெற்றவர்கள் மூன்று பேர். ஒருவர் பாடி நடித்தவர். இன்னொருவர் புல்லாங்குழல் மாலி. மூன்றாமவர்தான் ஓவியர் மாலி. முதல் இருவரையும் தெரிந்த அளவுக்கு இவரை நம்மில் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

1930-களில் சென்னையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் பத்திரிகையில் படம் போட்டுக்கொண்டிருந்தவர், பிறகு ஆனந்த விகடனுக்கு வந்தார். 1928-ல் எஸ்.எஸ்.வாசன் வாங்கிய பத்திரிகை அது. கல்கி அங்கே பேனாவால் சிரிக்க வைத்தார். மாலி கோட்டால் சிரிக்க வைத்தார். கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிகளைப் பற்றி எழுதுவார். அந்த வித்வான்களை மாலி வரைவார். நம்ம காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்க்காரரான அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் அவர் கோட்டுக்குத் தப்பவில்லை! மூக்கையும் தொந்தியையும் கொஞ்சம் பெரிதாக்குவார். ஆனால் அந்த வித்வான் மேல் நமக்கு மரியாதை குறையாது, பிரியம்தான் கூடும். கேலிச்சித்திரத்தில் இதுதான் ரொம்பக் கஷ்டமான வேலை.

ஒற்றைக் கட்டச் சிரிப்புப் படத்தைப் பாருங்கள். நாவலாசிரியருக்கு நூறு பக்கம் உண்டு. இவருக்கு இருப்பது உள்ளங்கை அளவு இடம், கீழே இரண்டு வரி. அதற்குள் ஆள் யார், வீடு எப்படிப்பட்டது, சற்று முன் என்ன நடந்தது, இனி என்ன ஆகப்போகிறது எல்லாம் தெரிந்தாக வேண்டும். நம் ஹாஸ்டல் மெஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்களேன். தட்டில் ஒரே ஒரு வடை. சுற்றி நான்கு பேர். நான்கு பேருக்கும் ஆசை, ஆனால் நான்கு பேரும் கூரையைப் பார்க்கிறார்கள். இதற்கு வசனமே வேண்டாம். இப்படி நாம் தினமும் பார்த்தும் பார்க்காமல் விடுகிற சங்கடங்களும் அசட்டுத்தனங்களும்தான் அந்தக் காலத்து விகடன் படங்களுக்கு மூலதனம்.

மாலி செய்த இன்னொரு காரியம் என்னை அதிகம் கவர்ந்தது. அவர் ஆள் தயார் செய்தார். கோபாலன் என்ற இளைஞரை 1941-ல், தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து வரைந்து வரச் சொன்னார். அந்த இளைஞருக்குக் கோபுலு என்று பெயர் வைத்தவரும் அவரே. கோயில் சிற்பங்களை வரைவதில் ஸ்ரீநிவாசன் என்பவருக்கு இருந்த திறமையைக் கண்டு, சில்பி என்று பெயர் சூட்டி அந்த வழியிலேயே போகச் சொன்னார். தன்னை மாதிரியே வரை என்று இருவரிடமும் சொல்லவில்லை. அவரவருக்கு எது வருமோ அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். கோபுலு 2015 வரை வாழ்ந்து, குருவை விடவும் பெரிய புகழ் பெற்றார். வேலை பார்க்கிற இடத்தில் இப்படி ஒரு மேலதிகாரி அமைந்தால் எவ்வளவு பாக்கியம் என்பது, என்னைப் போல் தொழிற்சாலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

என் சொந்த ஊர் நெற்குப்பை, பயண நூல்கள் எழுதிய சோமலெ பிறந்த ஊர். அங்கே அப்பத்தா வீட்டு மாடியறையில் பைண்டு செய்த விகடன் தொடர்கதைகள் இருந்தன. கதைக்காகத்தான் கிழித்துச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். கதைப் பக்கத்தின் பின்புறம் ஒட்டிக்கொண்டு வந்த சிரிப்புப் படங்கள் மட்டும் பிழைத்தன. நான் முதலில் படித்தது அவற்றைத்தான். வீட்டைப் பாகம் பிரித்து ஒழித்தபோது அவ்வளவும் எடைக்குப் போய்விட்டன.

நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பழைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் தேடித் தேடிச் சேர்த்தவர். 1992-ல் அவர் காலமான பிறகு, அந்தச் சேமிப்பிலிருந்துதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது.

மாணவத் தம்பி தங்கைகளே! உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு கட்டு இருக்கலாம். பழைய பேப்பர்காரரைக் கூப்பிடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் மாலி என்ற கையெழுத்து தென்பட்டால், நூலகம் ஏதாவது ஒன்றுக்குத் தகவல் சொல்லுங்கள். அதற்கு முன்னால், உட்கார்ந்து ஆசை தீரச் சிரித்துவிடுங்கள்.