இரும்பு மலை கண்ட பிரமதநாத போஸ்

தென்னாட்டினின்றும் பிழைப்பு நாடி ஜாம்ஷெட்பூர் வந்தடைந்த நாம், இந்நகரின் தந்தையாகிய ஜாம்ஷெட்ஜி டாட்டா அவர்களை ஆண்டுதோறும் போற்றி மகிழ்கின்றோம். அப்பெருமகனாரின் கனவு நனவாதற்கு வேண்டிய இரும்புக் கனி இருக்குமிடத்தைக் காட்டியவர் பிரமதநாத போஸ் ஆவார். அவர் பெயரைக் கேட்டிருக்கின்றோம். வாழ்வை அறிந்தார் நம்மிற் சிலரே. ஆதலின் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வங்காளத்தில் கைபூர் என்னும் சிற்றூரில் 1855ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் பிறந்தவர் போஸ். கிருஷ்ணநகரிலும் கல்கத்தாவிலும் பயின்றார். 1874இல் கில்கிறைஸ்ட் உபகாரச் சம்பளம் பெற்று இலண்டன் சென்றார். ஆங்குப் பட்டமும் சுரங்கக் கல்லூரித் தேர்ச்சியும் பெற்று மீண்டு, 1880இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அமர்ந்தார். அத்துறையின் அதிகாரி வரிசையில் இடம்பெற்ற முதல் இந்தியர் இவரே.

காடும் மலையும் அவருக்கு அலுவலகமாயின. 1887இல் துருக் பகுதித் தல்லி-ராஜ்ஹரா மலைகளில் இரும்புக் கனி மிகுந்திருத்தலைக் கண்டறிந்தார். எனினும், 1903இல் துறைத்தலைமை காலியானபோது, அவருக்குப் பத்தாண்டு பிந்திப் பணியேற்ற தாமஸ் ஹாலண்டுக்கே அப்பதவி அளிக்கப்பட்டது. மானமே பெரிதென எண்ணிய போஸ் பணி துறந்தார்.

பதவி போயிற்று, கற்ற கல்வி போகவில்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் நிலவியலறிஞராகிய அவர், கோருமஹிசானி மலையில் உயர்ந்த இரும்புக் கனியைக் கண்டார். அவ்வேளையில் டாட்டா குழுவினர், அவருடைய பழைய அறிக்கையைக் கொண்டே துருக் மலைகளை ஆராய்ந்து வந்தனர். ஆங்குக் கனி சிறந்தது. ஆயினும் தக்க நிலக்கரியும் போதிய நீரும் அருகில் இல்லை. மயூர்பஞ்சோ ஜாரியா நிலக்கரிக்கு அணித்தாயிருந்தது. இதனை விளக்கி 1904 பிப்ரவரி 24ஆம் நாள் போஸ் டாட்டாவுக்குக் கடிதம் விடுத்தார். அவ்வாண்டு மே திங்களிலேயே டாட்டா மறைந்தாராயினும், மைந்தர்கள் பணியைத் தொடர்ந்தனர். 1907இல் கம்பெனி தோன்றியது. சுவர்ணரேகையும் கர்க்காயும் கூடுமிடத்தருகே, சாக்சி என்னும் சிற்றூரில் ஆலை எழுந்தது. 1911இல் இரும்பும் 1912இல் எஃகும் உருகிப் பாய்ந்தன. அச்சிற்றூரே 1919இல் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது.

தல்லி-ராஜ்ஹராவும் வீண்போகவில்லை. 1959இல் பிலாயில் உலை மூட்டப்பட்டபோது, அம்மலைகளே அதற்குக் கனி வழங்கின.

1906இல் தோன்றிய வங்காளத் தொழிற்கல்விக் கழகத்தின் முதல் தலைவராகவும் போஸ் தொண்டாற்றினார். பின்னாளில் யாதவபூர்ப் பல்கலைக்கழகமாய்த் தழைத்தது அவ்வித்தே. 1934இல் அவர் இயற்கை எய்தினார்.

தமக்குரிய இருக்கை மறுக்கப்பட்ட ஒருவர், பல்லாயிரவர்க்கு இருக்கவும் உழைக்கவும் இடம் தேடித் தந்தார். அவ்விடத்தில் உண்டு வாழும் நாம், நம் மக்களுக்கு அவர் வரலாற்றைச் சொல்லிவைத்தல் கடனாகும்.